காளியாத்தாள் பேரில் ஒரு கார்

காளியாத்தாளின் வீட்டு வாசல் வரைக்கும் கார் வராது. ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கும் தடம் அவ்வளவு ஒடுக்கம். எதிரே ஒரு எருமை வந்தால் மனுஷர்தான் வேலியோரம் ஒதுங்க வேண்டும். அந்த வீட்டில் இருக்கும் ஒரே வண்டி ஒரு சைக்கிள். அதுவும் டயர் போய், கோழி ஏறி அடையும் இடமாகி இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் சர்க்கார் கம்ப்யூட்டரைக் கேட்டால், ஆறுச்சாமியின் மனைவி காளியாத்தாள் ஒரு காருக்குச் சொந்தக்காரி என்றுதான் சொல்லும்.

இது அவளுக்கே ரேஷன் கடையில் வைத்துத்தான் தெரிந்தது. தெரிந்தது என்பதைவிட ஞாபகம் வந்தது என்று சொன்னால் சரியாக இருக்கும்.

ஆடி மாதத்துச் சாரலில் நனைந்துகொண்டே வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் எந்திரத்தில் கட்டைவிரலை வைத்தாள். தேங்காய்க் களத்தில் உடைத்து உடைத்து ரேகை தேய்ந்துபோன விரல். மூன்றாம் தடவைதான் எந்திரம் அவளை ஒப்புக்கொண்டது. கடைக்காரர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். மலையாளிதான், ஆனால் தமிழ்ச் சனத்துக்கு அரிசி அளந்தே தமிழ் படித்தவர்.

"அக்கா, உங்க கார்டு மாறியிருக்கே. இப்ப பிங்க் இல்ல. வெள்ளை."

"நானெங்கீங்க மாத்துனேன்? இதா பாருங்க, பொட்டிக்குள்ள இருந்து இப்பத்தான் எடுத்தாந்தேன். ரோசாப்பூவாட்ட இருக்குது."

"புக்கு பிங்க்தான். கம்ப்யூட்டர்ல வெள்ளை. பிங்க்ன்னா ஏழைங்க கார்டு, நாலு சக்கர வண்டி இருக்கற வீட்டுக்குக் கிடையாது. உங்க பேர்ல கார் உண்டல்லோ."

"காரா? எந்தக் காருங்க?"

பின்னால் நின்றிருந்த பெரியம்மாள், களத்தில் இவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய் உடைப்பவள், கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அவ ஊட்டுக்காரரு லாட்டரி விக்கறவராச்சே. விக்காம மிஞ்சுன டிக்கெட்டுல காரு விழுந்திருக்கும். ஊருக்குத் தெரியாம அமுக்கி வெச்சுருக்கறா கள்ளி."

வரிசையே சிரித்தது. காளியாத்தாளும் சிரித்தாள். சிரிக்கும்போதே தம்பி தனபாலின் முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

வெள்ளைக் கார்டுக்கு அந்த மாதம் கிடைத்த அரிசி பையின் அடியைக்கூட மறைக்கவில்லை.

காளியாத்தாள் பிறந்தது அக்கட்ட, தமிழ்நாட்டில், ஆனைமலைப் பக்கம். வாழ்க்கைப்பட்டது இக்கட்ட, மலையாளப் பக்கம், கோவிந்தாபுரம் செக்போஸ்டிலிருந்து நடக்கிற தூரத்தில். பேச்சு ஒன்று, சாமி ஒன்று, கொண்டு கொடுத்த உறவும் ஒன்று. கரண்ட் பில்லில் இருக்கிற எழுத்து மட்டும்தான் வேறு. விலைவாசி ஏற ஏற, இந்தப் பக்கத்துச் சனம் பிழைக்கக் கண்டுபிடித்த வழியே அந்தக் கோட்டைத் தாண்டுவதுதான். பெட்ரோலும் காய்கறியும் அக்கட்ட மலிவு. ஆஸ்பத்திரியும் பள்ளிக்கூடமும் இக்கட்ட நல்லது. லாட்டரிச் சீட்டு இக்கட்ட மட்டும்தான் கிடைக்கும். கோடு போட்டவர்கள் அவர்கள், இரண்டு பக்கமும் கால் வைத்துப் பிழைக்கிறவர்கள் நாம், இதில் என்ன தப்பு என்பது ஊரின் நியாயம். அக்காள் பேரில் தம்பி வண்டி ஓட்டுவதும், மாமனார் பேரில் மருமகன் வண்டி ஓட்டுவதும் அந்த நியாயத்துக்குள்ளேயே வந்துவிடும்.

நாலு வருஷத்துக்கு முன்னால் இக்கட்ட, கொல்லங்கோட்டில் ஒரு வாத்தியார் தன் பழைய வெள்ளைக் காரை விற்றார். தனபால் அதைப் பார்த்துப் பிடித்துப்போய், நேரே அக்காள் வீட்டுக்குத்தான் வந்தான்.

"அக்கா, இத எங்கூருக்கு மாத்துனா மறுக்கா வரி கட்டோணும். அந்தச் சர்ட்டிபிகேட்டு, இந்தச் சர்ட்டிபிகேட்டுன்னு மாசக்கணக்குல அலையோணும். உன்ற பேர்ல எழுதிக்கலாம். வண்டி எங்கிட்ட ஓடட்டும், பேரு உங்கிட்ட இருக்கட்டும்."

"என்ற பேரு சும்மா கெடக்கறதுதானடா. எழுதிக்க."

சொன்ன இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். எதுவும் எழுதாத இரண்டு பாரத்திலும் போட்டாள். "பின்னால விக்கறப்ப உன்னைய மறுக்கா அலைய வெக்க வேண்டாம் பாரு" என்றான் தனபால். அக்காள்மேல் எவ்வளவு கரிசனம் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மாசாணியம்மன் கோயிலில் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, "மொதலாளியம்மா, முன் சீட்டுல ஏறுங்க" என்று கதவைத் திறந்துவிட்டான். அதுதான் முதல் பயணம்.

மொத்தத்தில் அந்தக் காரில் அவள் ஏறியது மூன்று தடவை. மூன்றாவது, பிறந்த வீட்டில் ஆத்தா செத்ததுக்கு. நடுவில் வந்த இரண்டாவது தடவையை அவள் செத்தாலும் மறக்க மாட்டாள்.

ஆறுச்சாமி அப்போது தனியார் பஸ்ஸில் கண்டக்டர். தை மாதம் ஒரு விடிகாலையில் பல் விளக்கப் போனவர் மாரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்துவிட்டார். போன் அடித்த இருபதாவது நிமிஷம் தனபால் கார் ரோட்டில் வந்து நின்றது. தடத்தில் ஓடி வந்து மச்சானைத் தோளில் தூக்கிக்கொண்டு போனான். பாலக்காடு போய்ச் சேரும் வரை வாய் மூடவில்லை. "மச்சான், தூங்கீராதீங்க. எனக்கு ஒரு டிக்கெட் கிழிச்சுக் குடுங்க. சில்லறை இல்லீங், என்ன பண்ணுவீங்க? எறக்கி உட்ருவீங்களா?" ஆறுச்சாமி அந்த வலியிலும், "எறக்கித்தான்டா உடுவேன்" என்று முனகினார். இன்னும் கால் மணி நேரம் பிந்தியிருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்றார் டாக்டர். ஆஸ்பத்திரிக் கவுண்டரில் காளியாத்தாள் மடியிலிருந்து பிங்க் கார்டை எடுத்து நீட்டினாள். பெரிய பில் வரவில்லை. கார் ஒரு பக்கம், கார்டு ஒரு பக்கம் என்று இரண்டும் சேர்ந்துதான் அவள் தாலியைப் பிடித்து நிறுத்தின.

அதே கார்தான் இப்போது அந்தக் கார்டைப் பிடுங்கிக்கொண்டது.

அடைப்பை எடுத்து நெஞ்சில் கம்பிவலை வைத்த பிறகு ஆறுச்சாமியால் பஸ்ஸில் தொங்க முடியவில்லை. செக்போஸ்ட் பக்கம் ஒரு குட்டி மேசை போட்டு லாட்டரி விற்கிறார். அக்கட்டயிருந்து வருகிறவர்கள் டீ குடித்துவிட்டு இரண்டு சீட்டு எடுத்துப் போவார்கள். சீட்டு விலை ஏறியதும் இரண்டு எடுத்தவர்கள் ஒன்று எடுத்தார்கள், ஒன்று எடுத்தவர்கள் டீயோடு நிறுத்திக்கொண்டார்கள். விற்காமல் மிஞ்சிய சீட்டு அவர் தலையில். தினமும் ரிசல்ட் பார்க்கும்போது அவர் முகத்தில் இருக்கும் ஆசையைக் கண்டால் காளியாத்தாளுக்குப் பாவமாகவும் இருக்கும், எரிச்சலாகவும் இருக்கும்.

அவள் வேலை செய்யும் களத்தில் மலை மலையாகத் தேங்காய் கிடக்கும். உடைத்து, வெயிலில் காய வைத்து, பருப்பைத் தோண்டியெடுத்து மூட்டை பிடிக்க வேண்டும். அந்த வருஷம் தேங்காயெண்ணெய் விலை கண்டபடி ஏறியதில் களத்துக்காரர் மேல்மாடி கட்டினார். கூலி ஏறவில்லை. நாளெல்லாம் எண்ணெய் வாடையோடு இருந்துவிட்டு வீட்டுக்கு வந்து, கரண்டியில் நாலு சொட்டு எண்ணெயை விட்டுக் கடுகு வெடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்பாள். பொரியல் என்பது அவிச்ச காய் என்றாகிவிட்டது. அப்பளம் சுட்டதுதான். சிலிண்டர் தீரக் கூடாதென்று தென்னமட்டையை வெட்டி வைத்து வெளியடுப்பில் சமைத்தாள். மழை நாளில் மட்டை புகையும். மகள் மௌனிகா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வேலிக்கு அந்தப் பக்கம் போய் நின்று படிப்பாள். சித்தூர் காலேஜில் பி.காம். இரண்டாம் வருஷம். இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். இத்தனையையும் தாங்கி நிற்க, மாதா மாதம் வந்த அந்த அரிசிதான் அஸ்திவாரம்.

மகளைக் கூட்டிக்கொண்டு, சர்க்கார் காகிதமெல்லாம் எழுதித் தரும் அக்ஷயா சென்டருக்குப் போனாள். அங்கே டின்சி என்ற பெண் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள்.

"பேடிக்க வேண்டாம் அம்மா, பயமே வேண்டாம். வண்டிய வேற ஆள் பேர்க்கு மாத்திட்டு, அந்தப் பேப்பர் கொண்டு வாங்க. நான் மனு எழுதி அபேட்சை போட்டுத் தர்றேன். பிங்க் திரும்பக் கிடைக்கும். கொஞ்சம் நாள் ஆகும், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானுங்களா? என்ற தம்பிதான். நாளைக்கே மாத்திக் குடுத்துருவான்."

மறுநாள் களத்துக்கு லீவு சொல்லிவிட்டு, செக்போஸ்ட்டைத் தாண்டி அக்கட்ட பஸ் ஏறினாள். வெறுங்கையோடு தம்பி வீட்டுக்குப் போகக் கூடாதே என்று வேலியில் காய்த்த புடலங்காய் நாலைப் பையில் வைத்துக்கொண்டாள்.

தனபால் வீட்டு முன்னால் கார் இல்லை. அது நின்ற இடத்தில் ஓலைத் தடுக்கு காய்ந்தது. அவன் பெண்டாட்டி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, நிற்காமல் உள்ளே போய்விட்டாள். 

"வண்டி எங்கடா? வாடகைக்குப் போயிருக்குதா?"

தனபால் காப்பி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். "வித்துட்டேன்க்கா."

"எப்ப?"

"போன வருசம் சித்திரையில. கயிறு மில்லுல வேல நின்னு மூணு மாசம் சும்மா உக்காந்திருந்தன்ல. பையனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டோணும். உடுமலை புரோக்கர் ஒருத்தன் எடுத்துக்கிட்டான்."

"என்னைய ஒரு வார்த்த கேக்கலியே."

"நீ போட்டுக் குடுத்த பாரம் கையில இருந்துது. பேரு அவங்களே மாத்திக்குவாங்கன்னு நெனச்சேன். அந்தப் புரோக்கர் வேற எங்கியோ தள்ளி உட்டுட்டான். இப்பக் கேட்டா, ஞாபகமில்லீங்கறான்." நிமிர்ந்து அவளைப் பார்த்தான். "காரு வித்தன்னு உங்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுட்டு சொல்றது? மச்சானைத் தூக்கிட்டுப் போன காரு. தீவாளிக்கு உனக்குச் சேல எடுத்தது அந்தப் பணத்துலதான்."

கட்டியிருந்த சேலையைக் குனிந்து பார்த்தாள். அதே சேலைதான்.

எவ்வளவோ கேட்டுவிட வேண்டுமென்று வாய் துறுதுறுத்தது. ஆனால் சுவரோரம் ரேஷன் அரிசிப் பை பாதி மடிந்து கிடந்ததைக் கண்டாள். அவன் பெண்டாட்டியின் காதில் தோட்டுக்குப் பதில் ஈர்க்குச்சி இருந்ததையும் கண்டாள். புடலங்காயை எடுத்து வைத்துவிட்டு, "பாசிப்பருப்புப் போட்டு ஆக்கச் சொல்லு, பிஞ்சு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

கார் போன கதையைக் கேட்டதும் டின்சி உதட்டைக் கடித்தாள். ரேஷன் சப்ளை ஆபீஸுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: வண்டி கையில் இல்லையென்றால், இன்ன ஆளிடம் கொடுத்தேன், அவர் பேர் மாற்றாமல் விற்றுவிட்டார் என்று போலீஸ் ஸ்டேஷனில் பராதி, அதாவது புகார், எழுதிக் கொடுக்க வேண்டும். ரசீது கிடைக்கும். அதை அபேட்சையோடு வைக்கலாம். அந்த இன்ன ஆளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு வாக்குமூலம் எழுதி வாங்குவார்கள்.

"என்ற பொறந்தவனையா?" என்றாள் காளியாத்தாள்.

"வேற வழி இல்ல அம்மா."

வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டாள். தடத்தில் வரும்போது மௌனிகா பின்னாலேயே பேசிக்கொண்டு வந்தாள்.

"மாமன் பேரு எழுதாம என்னன்னும்மா எழுதறது? காரு தானா நடந்து போயிருச்சுன்னா?"

"அவன் உன்ற சீருக்குத் தட்டுச் சுமந்தவன்டி."

"சுமந்தாரு. இப்ப அவரு காரை நாம சுமக்கறோம்."

"வாய மூடு. கூடப் பொறந்தவனைப் போலீஸ் படி ஏத்துனவளுன்னு எனக்குப் பேரு வர வேண்டாம். அரிசிதான? தின்னாத் தின்னுட்டுப் போறோம், இல்லாட்டி இல்ல."

அரிசியோடு போயிருந்தால் அவள் சொன்ன சொல்லில் நின்றிருப்பாள். அரிசி கடையில் வாங்கினாள். வாங்கி, ராத்திரிக்கு ராகிக் களி ஆக்கி இழுத்தாள். களத்தில் ஞாயிற்றுக்கிழமையும் போய் உடைத்தாள். பெரியம்மாள், "காருக்காரிக்குக் காசு ஆசை உடலியே" என்று சீண்டுவாள். இவள் அடுத்த தேங்காயை எடுப்பாள்.

ஆவணி கடைசியில் ஆறுச்சாமியின் நெஞ்சைத் திருப்பிக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டர் காகிதத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். மறுபடியும் அடைப்பு மாதிரி தெரிகிறது, உள்ளே குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், ஐப்பசிக்குள் அட்மிட் ஆகிவிடுங்கள் என்றார். "மாத்திரை ஒழுங்கா எடுக்கிறாரா?" என்று கேட்டார். "எடுக்கறாருங்க" என்றாள் இவள். கவுண்டரில் கார்டு நம்பரைத் தட்டிப் பார்த்த பெண், போன தடவை கிடைத்த சலுகை இந்தக் கார்டுக்கு வராது என்று சொல்லிவிட்டு, ஆகும் செலவை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தாள். அதை ஆறுச்சாமி வாங்கி, நாலாக மடித்து, விற்காத சீட்டுகளோடு சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மாத்திரை டப்பாவில் புது அட்டையைப் போடத் திறந்தாள். போன மாதத்து அட்டைகளில் பாதி மாத்திரை அப்படியே இருந்தது. ஒரு குழி காலி, ஒரு குழி முழுசு, ஒரு குழி காலி, ஒரு குழி முழுசு. நாற்று நட்டது போல ஒழுங்காக இருந்தது.

"ஏனுங்க. இதென்னங்க இது?"

ஆறுச்சாமி கட்டிலில் உட்கார்ந்தபடி சிரிக்கப் பார்த்தார். "மாத்திரைக்கும் ஒருநா உட்டு ஒருநா லீவு குடுத்தா என்ன புள்ள? கோவிச்சுக்கவா போகுது?"

"எத்தன நாளாங்க?"

"கார்டு போனதுல இருந்துதான்." பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "விலை ஏறுதில்ல. நானும் என்னதான் பண்றது? எனக்கு வேற எதுல மிச்சம் புடிக்க முடியும்? பீடிய அப்பவே உட்டுட்டேன்."

அவள் அட்டையைக் கையில் எடுத்தாள். ஒரு மாத்திரையைப் பிதுக்கி அவர் உள்ளங்கையில் வைத்து, செம்பில் தண்ணீர் கொடுத்து, விழுங்கும் வரை எதிரே நின்றாள். அப்புறம் வேலிப்பக்கம் போய் மௌனிகாவைக் கூப்பிட்டாள்.

"அம்மிணி, அந்தப் பராதிய எழுது."

மௌனிகா படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுதி முடித்ததும், "படி" என்றாள் காளியாத்தாள். மகள் வாசித்தாள். ஸ்டேஷன் மலையாளம் அம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. நடுவில் தம்பி பேரும், அப்பன் பேரும், தான் பிறந்த ஊர்ப்பேரும் மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தன.

"மாமன் ஏமாத்திட்டாருன்னு எழுதியிருக்கறயா?"

"அந்த வார்த்த போடல. சொல்லாம வித்துட்டாருன்னுதான் போட்டிருக்கறேன்."

"செரி, குடு." காகிதத்தை முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். நாலு வருஷத்துக்கு முன்னால் போட்ட அதே கோணல் எழுத்து.

புரட்டாசி முதல் வாரம் தனபாலை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் காளியாத்தாளே போன் போட்டாள். "சாமி, எனக்கு வேற போக்கில்லடா. உன்ற மச்சானை மறுக்கா அட்மிட் பண்ணோணும்ங்கறாங்க."  "வாரேன்க்கா" என்றான்.

அன்றைக்கு அவன் இங்கே வந்துதான் சாப்பிடுவான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. கூடப் பிறந்தவன் ஊருக்கு வந்து, அக்காள் ஊட்டில் கை நனைக்காமல் போன சரித்திரம் அவர்கள் வமிசத்தில் கிடையாது. சண்டை போட்டாலும் சோற்றில் கை வைத்துவிட்டுத்தான் சண்டை. விடிந்ததும் கடைக்குப் போய்த் தேங்காயெண்ணெய் பாக்கெட் ஒன்று வாங்கினாள். அந்த வருஷத்தில் முதல் தடவையாக முழுப் பாக்கெட். வாழைக்காயைச் சீவி மஞ்சள் தண்ணீரில் போட்டு வைத்தாள். பருப்பு வேக வைத்து, அப்பளத்தை எடுத்து வெயிலில் விரித்துவிட்டு, மௌனிகாவோடு ஸ்டேஷனுக்குப் போனாள்.

தனபால் முன்னமே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தேய்த்த வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. கல்யாணத்துக்கு வந்தவன் போலிருந்தான். ரைட்டர் நல்ல மனுஷர். அதட்டவில்லை, நிற்க வைக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தனபால் எழுந்து எழுந்து பதில் சொன்னான். புரோக்கர் பேர், போன் நம்பர், விற்ற தேதி, வாங்கிய பணம். "சகோதரியிடம் சொல்லாமல் விற்றீர்களா?" என்று ரைட்டர் கேட்டபோது மட்டும் ஒரு முறை அக்காளைத் திரும்பிப் பார்த்தான். "ஆமாங்க. தப்பு என்ற மேலதானுங்க" என்றான். கையெழுத்துப் போட்டான். மௌனிகா ரசீதை வாங்கி மடிக்காமல் புத்தகத்துக்குள் வைத்தாள்.

வெளியே வந்ததும் காளியாத்தாள் அவன் கையைப் பிடித்தாள். "வாடா, ஊட்டுக்குப் போலாம். வாழக்கா வறுத்து வெக்கறேன். மச்சானும் வந்துருவாரு."

"நீங்க முன்னால போங்க அக்கா. மச்சானைப் பார்த்துட்டு வந்தர்றேன்."

நீ என்று கூப்பிட்ட வாய். அவள் கவனித்தாள், ஸ்டேஷன் வாசலில் நாலு பேர் நடுவில் மரியாதைக்குச் சொல்கிறான் என்று மனசைச் சமாதானம் செய்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து சிலிண்டர் அடுப்பையே பற்ற வைத்தாள். சட்டியில் எண்ணெய் முழுசையும் ஊற்றினாள். வாழைக்காய் வறுபடும் வாசம் தடத்தில் பாதி தூரம் போனது. பெரியம்மாள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "ஒறம்பரையா?" என்று கேட்டாள். "தம்பி வர்றான்" என்றாள். அப்பளம் பொரித்தாள். இலை நறுக்கிக் கழுவி வைத்தாள். மௌனிகா இரண்டு தடவை ரோடு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

இரண்டு மணிக்கு ஆறுச்சாமி தனியாகத் தடத்தில் இறங்கி வந்தார்.

"தனபால் எங்கீங்க?"

"பஸ் ஏறிட்டான்." செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "மேசைகிட்ட வந்தான். ஒடம்பு எப்படீங்க மச்சான்னு கேட்டான். அஞ்சு சீட்டு எடுத்தான். பாக்கி குடுத்தா வாங்கல."

"ஊட்டுக்கு வர்றன்னு சொன்னானே."

"நானுஞ் சொன்னேன் புள்ள. அக்கா ஆக்கி வெச்சுட்டு உக்காந்திருப்பாடான்னேன். இன்னொரு நா வர்றேன்னான்." சட்டைப்பையிலிருந்து சீட்டுகளை எடுத்து மாடக்குழியில் வைத்தார். "இதையுங் கொண்டு போகல. அக்கட்ட கொண்டு போனாப் புடிப்பாங்க, உங்ககிட்டயே இருக்கட்டும் மச்சான்னு வெச்சுட்டுப் போயிட்டான். விழுந்தா அக்காளுக்குங்கறான்."

மூன்று மணிக்கு ரிசல்ட் வந்தது. ஆறுச்சாமி போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து ஒவ்வொரு நம்பராகப் பார்த்தார். ஐந்தில் ஒன்றும் இல்லை. 

டின்சி அபேட்சையை ஏற்றிவிட்டாள். மௌனிகா தினமும் காலையில் போனில் பார்க்கிறாள். பரிசீலனையில் இருக்கிறது என்றே காட்டுகிறது. ஐப்பசிக்குள் மாறிவிடுமா என்று கேட்டால், மாறலாம் என்கிறாள். தீபாவளியும் ஐப்பசியில்தான். அதைப் பற்றி அந்த வீட்டில் யாரும் பேச்செடுக்கவில்லை.

தனபால் வராமல் போன அன்று மூவரும் இலை போட்டுச் சாப்பிட்டார்கள். நாலாவது இலையைக் காளியாத்தாள் வெளியே கொண்டு போய்க் கோழிக்குப் போட்டாள். ஆறுச்சாமிக்கு மாத்திரையைக் கொடுத்து, விழுங்கும் வரை நின்றாள். அப்பளம் ஆறி நமுத்துப் போயிருந்தது. சட்டியில் முக்கால்வாசி எண்ணெய் அப்படியே இருந்தது. ஒரு வெள்ளைத் துணியைப் பாட்டில் வாயில் கட்டி, ஒரு சொட்டும் சிந்தாமல் வடித்து ஊற்றினாள். மறுபடியும் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்து, கடைசிச் சொட்டு இறங்கும் வரைக்கும் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.